பறக்கவிடாத ஞாயிறு

என் விமானம் முதன்முறையாக முழு உருவத்தில் எங்கள் கூடத்து மேசைமேல் நின்றபோது, அதன் இறக்கை ஒரு பக்கம் பீரோவையும் மறுபக்கம் ஜன்னல் கம்பியையும் தொட்டுக்கொண்டிருந்தது. நாலரை அடி இறக்கை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் குனிந்து அதற்கு அடியில் நுழைந்துதான் போக வேண்டும். என் கணவர் தண்ணீர் குடிப்பதற்காக அப்படிக் குனிந்து போய், குனிந்தே திரும்பி வந்து, நிமிர்ந்து நின்று கேட்டார்.

"இன்னாமே இது, வூடா ஏர்போர்ட்டா?"

"நாளைக்கி பறந்துடும். அதுவரைக்கும் குனிஞ்சி போங்க."

"பறக்கும்ன்ற?"

"பறக்கும்."

எட்டு மாதமாக நானே கட்டிய விமானம் அது.

நான் படாளத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு நான் கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். கார்களுக்குள் ஓடும் வயர் கட்டுகளைச் செய்து கொடுக்கும் கம்பெனி. ஒரு காரின் விளக்கு எரிவதற்கும் கண்ணாடி இறங்குவதற்கும் ஹாரன் அடிப்பதற்கும் பின்னால், கை தடிமனில் ஒரு வயர் கட்டு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடுகிறது. பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை. முதலில் வயர் வெட்டினேன், பிறகு வயர்களின் பின்னைப் பிளக்கில் சொருகினேன், இப்போது கடைசிப் பரிசோதனை மேசையில் நிற்கிறேன். என் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. என் கணவர் இன்னொரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். செங்கல்பட்டில் வாடகை வீடு.

இப்படிப்பட்ட எனக்கு விமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நெம்மேலியிலிருந்து வந்தது. கணவரின் நண்பர் ஒருவர் கோவளத்தில் படகு மோட்டார் பழுது பார்க்கிறார். மாதம் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போவோம். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். அங்கே உப்பங்கழித் தண்ணீர் வற்றி, தரை சிமெண்டு போட்டதுபோல இறுகிக் கிடக்கும். அந்த வெட்டவெளிக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நான் கணவரின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ரிமோட் வைத்திருந்தவர் மாமல்லபுரத்தில் தங்கும் விடுதி நடத்துபவர். பல வருடமாகப் பறக்கவிடுகிறாராம். அந்த இடத்தில் பறக்கவிடத் தடை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் கூடுகிறார்கள் என்றெல்லாம் என் கணவரிடம் விளக்கினார். என் கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், "சார், வாலுக்கு சிக்னல் எப்படிப் போவுது?"

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். விமானத்தைத் தரையிறக்கி, இறக்கைக்கு அடியிலிருந்த மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தீப்பெட்டி அளவில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ஒரு ரிசீவர். அதிலிருந்து மூன்று மூன்று கம்பிகளாக வயர்கள் பிரிந்து, சர்வோ என்ற குட்டி மோட்டார்களுக்குப் போயின. எனக்குச் சிரிப்பு வந்தது. இது நான் தினமும் பார்க்கிற சமாசாரம்தானே என்று தோன்றியது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வயர்களையே மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த வாரத்திலேயே அவருக்கு போன் செய்து, எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. தன் பழைய விமானத்துக்கு இரண்டு ரிமோட்டுகளை ஒரே கம்பியால் இணைத்து, நான் தப்பு செய்தால் அவர் கைக்கு மாற்றிக்கொள்ளும்படி வைத்துக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை போவோம். காலை ஆராதனையை விட்டுவிட்டு மாலை ஆராதனைக்குப் போய்க்கொள்வேன். ஒரு கட்டத்தில் அவர் தன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் நான் சொந்தமாக ஒன்றைக் கட்டத் தொடங்கினேன்.

ஊரிலிருக்கும் அம்மா போனில் கேட்டாள். "ஏரோப்ளேன் கட்டிகினு கீறியாமே? யாரு ஏறப் போறா அதுல?"

"யாரும் ஏற மாட்டாங்கம்மா. கீழ நின்னு ஓட்டறது."

"யாரும் ஏறாத வண்டிக்கி எதுக்குடி எட்டு மாசம்?"

விமானம் வந்தபோது ஒரு பெட்டி நிறைய வெறும் மரக்குச்சிகள்தான். தக்கையைப்போல எடையில்லாத பால்சா கட்டை. விலா எலும்பு விலா எலும்பாக ஒட்டி, மேலே சிவப்பும் வெள்ளையுமாக மெல்லிய தாள் போர்த்தி, அயர்ன் பாக்ஸால் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினேன். புடவை அயர்ன் செய்கிற அதே பெட்டிதான். கணவர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் பகல்களில், சத்தமில்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

கட்டுவது ஒரு வேலை. கட்டியதைப் பறப்பதற்குத் தயார் செய்வது இன்னொரு வேலை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் அதற்குத்தான் ஒதுக்கினேன். கம்பெனியில் எப்படி ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிப்போமோ, அதேபோல ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். இருபத்து மூன்று வரிகள். முதல் வரி: புரொப்பல்லரைக் கழற்று. வீட்டுக்குள் மோட்டார் தவறிச் சுற்றினால் விரல் போய்விடும்.

அடுத்து, அசைகிற பாகங்கள் எல்லாம் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்ப்பது. ரிமோட்டில் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்தகடு மேலே எழ வேண்டும், இடது இறக்கையில் இருப்பது கீழே இறங்க வேண்டும். மாறிப்போனால் விமானம் நேர்மாறாகத் திரும்பும். அதோடு கதை முடிந்தது. நான் விமானத்துக்குப் பின்னால் நின்று, ரிமோட்டின் திரையில் கண் வைத்தபடி குச்சியைத் தள்ளினேன். கணவரை முன்னால் நின்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"வலது பக்கம் இன்னா ஆவுது?"

"கீழ எறங்குது."

"எறங்குதா? ஏற வேண்டியதாச்சே. நல்லா பாருங்க."

"நான் இன்னா குருடா? எறங்குதுமே."

நான் ரிமோட்டின் அமைப்பை மாற்றப் போனேன். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று எட்டிப் பார்த்தால், அவர் தன் வலது கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். விமானத்தின் மூக்கைப் பார்த்து நிற்கிறவருக்கு வலது என்பது விமானத்துக்கு இடது.

"அய்யோ, நீங்க எதிர்ல வர்ற வண்டி மாதிரி நிக்கறீங்க. பைலட்டு ஒக்கார்ற எடத்துல ஒக்காந்து பாருங்க."

"யாரும் ஏறாத வண்டின்னு உங்கம்மா சொன்னாங்க. இப்போ என்ன ஒக்காரச் சொல்ற."

பின்பக்கமாக வரச் சொல்லி மறுபடி பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. மாற்றியிருந்தால்தான் தப்பாகியிருக்கும். டிக் அடித்துவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் 'பின்னால் நின்று பார்க்கவும்' என்று எழுதினேன்.

எடைச் சமம் பார்ப்பதுதான் பெரிய பாடாகப் போயிற்று. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டரில் இரண்டு விரல்நுனியால் தாங்கினால் விமானம் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மேலே போனதும் அது நம் பேச்சைக் கேட்காது. நான் தாங்கினேன். வால் பொத்தென்று தாழ்ந்தது. பேட்டரியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னால் நகர்த்தினேன். அப்போதும் வால் தாழ்ந்தே இருந்தது. மூக்கில் எடை வைத்தாக வேண்டும்.

அதற்கும் ஏற்பாடு இருந்தது. போன மாதம் கோவளம் போனபோது கணவரின் நண்பரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் வலையின் அடியில் கட்டுகிற ஈயக் குண்டுகளில் பத்துப் பன்னிரண்டை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். "தங்கச்சி, இது தண்ணில முழுவறதுக்கு செஞ்சது. நீ இத்த கட்டி மேல பறக்க வுடப் போறியா?" என்று கேட்டுவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு குண்டு வைத்தேன். இரண்டு. மூன்றாவதில் வால் மெதுவாக எழுந்தது. நான்காவது வைத்ததும் விமானம் என் இரண்டு விரல்களுக்கு மேல் அசையாமல் நின்று, மூக்கை ஒரு நூலளவு தாழ்த்தியது. எட்டு மாதத்தில் முதன்முறையாக அது ஒரு பொம்மைபோல இல்லாமல், காற்றில் நிற்கப் பிறந்த ஒன்றாக என் கையில் இருந்தது. குண்டுகளை மூக்குக்குள் பசை போட்டு ஒட்டி, துணி நாடாவால் கட்டினேன்.

கீல்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். நான் பற்றவைத்த ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன். திருகாணி எல்லாம் இறுக்கினேன். இருபத்து இரண்டு டிக். கடைசி வரி மட்டும் களத்தில் பார்க்க வேண்டியது.

ஞாயிறு விடியும்போதே கிளம்பினோம். இறக்கையை இரண்டாகக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, நான் பின்னால் உட்கார்ந்து மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். உடல் பகுதி எங்கள் இருவருக்கும் நடுவில். எதிர்க்காற்று அடிக்கும்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து இறக்கை என்னைத் தூக்கப் பார்த்தது.

"கெட்டியா புடிச்சுகினு ஒக்காருமே," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "திரும்பிப் பாத்தா நீ இல்லன்னு ஆயிடப் போவுது."

களத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். கோவளத்து நண்பரும் நாஸ்தா பொட்டலத்தோடு தயாராக நின்றார். நிலத்திலிருந்து மெல்லிய காற்று. இன்னும் இரண்டு மணி நேரத்தில் கடல் காற்று திரும்பிவிடும் என்று அவர்தான் சொன்னார். விடுதிக்காரர் என் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தாள் ஒட்டியிருந்த இடங்களை விரலால் தடவினார்.

"ஒரு சுருக்கம்கூட இல்லையேம்மா. நான் கட்டினதெல்லாம் இதுக்குப் பக்கத்துல வைக்க முடியாது."

பிறகு சொன்னார், "முதல் தடவை நான் எடுக்கட்டுமா? புதுசு எப்படி நடந்துக்கும்னு தெரியாது. மேல கொண்டுபோய் சரி பண்ணிட்டு உங்க கையில குடுத்துடறேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

நியாயமான பேச்சுதான். எனக்கு மனசில்லை என்றாலும் சரி என்றேன். "ரேஞ்சு மட்டும் பாத்துட்டு தர்றேன் சார்."

சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் அது, தாளில் களத்துக்கென்று எழுதி வைத்திருந்த கடைசிச் சோதனை. ரிமோட்டின் சக்தியை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொண்டு, மோட்டார் ஓடும்போதே முப்பது அடி தள்ளிப் போய், எல்லாம் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. கணவர் மண்டியிட்டு விமானத்தைப் பின்பக்கமிருந்து பிடித்துக்கொண்டார். புரொப்பல்லர் சுற்றத் தொடங்கியது. நான் அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். பத்து. பதினைந்து. இருபது.

வாலின் தகடு ஒருமுறை துள்ளி அடங்கியது.

நான் குச்சியைத் தொடவே இல்லை.

மோட்டாரை நிறுத்தினேன். "பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். ரேஞ்ச் டெஸ்ட்ல பவர் கம்மியா இருக்கும்மா. ஓரத்துல ஒண்ணு ரெண்டு துள்ளல் வரும். மேல முழு பவர்ல வராது."

நான் ஐந்தடி தூரத்தில் நின்று மறுபடி மோட்டாரை ஓட்டினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் மறுபடி ஒரு துள்ளல்.

"அஞ்சு அடியில ரேஞ்சு போவுமா சார்?"

அவர் குனிந்து வாலைப் பார்த்தார். "காத்து தட்டியிருக்கலாம்."

நான் போய் அந்தத் தகட்டை விரலால் அழுத்தினேன். அசையவில்லை. சர்வோ அதை இறுக்கிப் பிடித்திருந்தது. என் விரலுக்கு அசையாதது இந்தக் காற்றுக்கு எப்படி அசையும்?

பக்கத்தில் தன் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். "லேடீஸ்னா இப்டித்தான் சார். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க."

கணவர் மண்டியிலிருந்து எழுந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன், வேண்டாமென்று.

விடுதிக்காரர் மெதுவாகச் சொன்னார், "துள்ளினா நான் சமாளிச்சுக்குவேம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. எல்லாரும் பாக்கணும்னு இருக்காங்க."

உண்மைதான். எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து நிமிஷத்தில் அது வானத்தில் இருக்கும். ஆனால் துள்ளியது எது? வால் தகடு. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அந்த ஒன்றை நம்பித்தான். இறக்கையில் ஏதாவது போனாலும் எப்படியோ இறக்கிவிடலாம். இது போனால் யார் கையில் ரிமோட் இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கம்பெனியில் ஒருமுறை நான் லைனை நிறுத்தியிருக்கிறேன். ஒரு வயர் கட்டைச் சோதித்தபோது பரிசோதனை மேசையில் ஒரே ஒரு விளக்கு ஒரே ஒருமுறை அணைந்து எரிந்தது. சூப்பர்வைசர் மேலும் கீழும் குதித்தார். முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று என் காது சுட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

"வேணாம் சார்," என்றேன். "காரணம் தெரியாம இன்னிக்கி இத்த அனுப்ப மாட்டேன்."

பேட்டரியைக் கழற்றினேன். இறக்கையைப் பிரித்துப் போர்வையில் சுற்றினேன். கோவளத்து நண்பர் பொட்டலத்தை நீட்டி, "நாஸ்தாவாவது துன்னுட்டு போ தங்கச்சி," என்றார். பொட்டலத்தை வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது திருப்போரூர் தாண்டும்வரை கணவர் வண்டியை வேகமாகவே ஓட்டினார். அவருக்கு வருத்தம் என்று நினைத்தேன். பிறகு வண்டியை மெதுவாக்கி, திரும்பாமலே சொன்னார். "பஸ்ஸு ஸ்டீரிங்கு ஒரு தடவ தானா இஸ்துச்சின்னா, நான் ஆள ஏத்தவே மாட்டேன். செட்டுல வுட்டுட்டு கீய குட்த்துட்டு வந்துடுவேன். அந்தாளு சிரிச்சானே, அவனுக்கு ஒண்ணியும் தெர்ல."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போர்வையில் துடைத்துக்கொண்டேன்.

சாப்பிட்ட உடனே விமானத்தை மேசையில் ஏற்றினோம். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். நான் வாலுக்கு நேராகக் கண் வைத்து உட்கார்ந்தேன். கணவரை மூக்கிலிருந்து தொடங்கி உடல் முழுவதும் விரல் நுனியால் தாளம் போடச் சொன்னேன். மோட்டார் ஓடும்போது வரும் அதிர்வுக்குப் பதிலாக இது. மூக்கில் தட்டினார், ஒன்றுமில்லை. பேட்டரி இருக்கும் இடத்தில் தட்டினார், ஒன்றுமில்லை. இறக்கைக்கு ஒரு சாண் பின்னால் வந்தபோது வால் துள்ளியது.

"அங்கியே நில்லுங்க. மறுபடி தட்டுங்க."

துள்ளியது.

"தோ கீது பாரு!" என்று அவர் கத்தினார், திருடனைப் பிடித்ததுபோல.

அந்த இடத்தில் உள்ளே ஒரு இணைப்பு இருந்தது. வால் சர்வோவின் வயர் குட்டையாக இருந்ததால், நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கிச் சொருகியிருந்தேன். பிளக்கை வெளியே இழுத்தேன். மேலே பார்க்க எந்தக் குறையும் இல்லை. மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக இழுத்தேன். முதலாவது கெட்டி. இரண்டாவது கெட்டி. மூன்றாவது, சிக்னல் போகிற கம்பி, பிளக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்துவிட்டது.

வயரின் முனையில் இருக்கும் உலோகப் பின்னை பிளக்குக்குள் தள்ளும்போது, உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு அதைப் பூட்டும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மிகச் சின்னச் சத்தம். எங்கள் லைனில் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்வோம்: தள்ளு, டிக் கேள், இழுத்துப் பார். இந்த வயரைச் செய்த இடத்தில் யாரோ அந்த டிக்கைக் கேட்கவில்லை. அந்தப் பின் உள்ளே பூட்டாமலே உட்கார்ந்திருந்தது. அதிர்ந்தபோதெல்லாம் ஒரு கணம் தொடுவதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. மேலே போயிருந்தால் முழுதாகக் கழன்றிருக்கும்.

நான் கட்டிய எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தவள், இதை மட்டும் ஏன் விட்டேன்? அது பாக்கெட்டில் ஒட்டி வந்தது. மேலே சோதிக்கப்பட்டது என்று அச்சடித்திருந்தது. அடுத்தவர் கையெழுத்தை நம்பிவிட்டேன். பத்தொன்பது வருடம் இதே பின்னைப் பார்த்த எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே எழுந்துகொண்டிருந்தது. களத்தில் ஐந்து பேர் பார்த்தார்கள். விடுதிக்காரர் போகலாம் என்றார், மற்றவர்கள் மறுக்கவில்லை. நான் போகாது என்றேன். போகாது என்றதுதான் சரி.

புதிய நீட்டிப்பு வயர் வாரத்தின் நடுவில் வந்தது. பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் மூன்று கம்பிகளையும் இழுத்துப் பார்த்தேன். தாளில் இருபத்து நான்காவது வரி எழுதினேன்: பாக்கெட்டில் வந்ததையும் இழுத்துப் பார். கழன்ற கம்பியைப் படம் எடுத்து விடுதிக்காரருக்கு அனுப்பினேன். பிறகு அவரே போன் செய்தார்.

"அம்மா, அந்த வயரைத் தூக்கிப் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு அதே களம். மோட்டார் ஓட முப்பது அடி நடந்தேன், நாற்பது அடி நடந்தேன். வால் கல்லாக நின்றது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். துள்ளவில்லை. விடுதிக்காரர் அந்தப் பழைய வயரை வாங்கி, எல்லோரையும் கூப்பிட்டு, கழன்ற கம்பியை இழுத்து இழுத்துக் காட்டினார்.

"போன வாரம் நான் எடுக்கறேன்னு சொன்னேன். எடுத்திருந்தா இந்நேரம் மூட்டையில அள்ளிட்டுப் போயிருப்போம். எனக்குத் தெரியல. இவங்களுக்குத் தெரிஞ்சுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே எடுங்கம்மா. நான் பக்கத்துல நிக்கறேன், அவ்வளவுதான்."

போன வாரம் சிரித்தவரும் அங்கேதான் நின்றார். குனிந்து அந்தப் பின்னை வெகுநேரம் பார்த்தார்.

மேற்கே முகம் வைத்து விமானத்தை நிறுத்தினேன். வெயில் முதுகில் இருந்தது. கட்டைவிரலை மெதுவாக முன்னால் தள்ளினேன். அது காய்ந்த தரையில் தடதடவென்று ஓடியது. இடப்பக்கம் இழுத்தது, திருத்தினேன். சக்கரத்தின் தடதட சத்தம் சட்டென்று நின்றது. பார்த்தால், அடியில் நிழல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. விமானம் மேலே இருந்தது.

"ஏறிடுச்சிமே! ஏறிடுச்சி!" கணவரின் குரல் எங்கோ பின்னால் கேட்டது.

மூக்கைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிக்கொண்டு போனது. விடுதிக்காரர் காதருகே, "ரெண்டு கிளிக் கீழே," என்றார். ரிமோட்டில் குச்சிக்குப் பக்கத்திலிருக்கும் திருத்தும் பொத்தானை நான் ஏற்கனவே இரண்டு முறை அழுத்தியிருந்தேன். இடப்பக்கம் லேசான சாய்வு. ஒரு கிளிக் வலம். அதற்கப்புறம் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். அது நேராக, தானாக, சிவப்பு வெள்ளையாக, உப்பங்கழியின் மேல் போய்க்கொண்டிருந்தது. அந்த மூன்று நான்கு வினாடிகளை என்னால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. என் கம்பெனியிலிருந்து எத்தனையோ ஆயிரம் கார்களுக்கு என் கை பட்ட வயர் போயிருக்கிறது. அதில் ஒரு கார் ஓடி நான் பார்த்ததில்லை. இது என் கண்ணெதிரில் ஓடியது. காருக்குள் ஓடும் வயரைப்போல யாருக்கும் தெரியாமல் உள்ளே மறைந்திருக்கிற வேலையாக இல்லாமல், வானத்தில், எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்படி ஓடியது.

ஆறு நிமிஷம் பறந்தது. இறக்கும்போது உயரத்தை ஒரு அடி தப்பாகக் கணித்துவிட்டேன். பொத்தென்று விழுந்து, ஒரு குதி குதித்து, மூக்கைத் தரையில் தட்டி நின்றது. புரொப்பல்லரின் ஒரு முனை உடைந்தது. அவ்வளவுதான். ஓடிப்போய் எடுத்தேன். ஈயக் குண்டு இருந்த மூக்கு சூடாக இருந்தது. மோட்டாரின் சூடு. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தபோது அவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மேடையில் நின்று பழக்கமில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விமானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விடுதிக்காரர் தன் வண்டியிலிருந்து ஒரு பெரிய விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். புதியது, இன்னும் பறக்காதது. "உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இதோட பிளக்கெல்லாம் ஒரு தடவை இழுத்துப் பாத்துக் குடுங்க." தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாலு பிளக். எல்லாம் கெட்டியாக இருந்தன. ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன், வயரின் தோல் உரசியிருந்தது. அவர் மறுபேச்சில்லாமல் அப்போதே கழற்றினார்.

அங்கிருந்து கோவளம் போனோம். படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. நண்பர் கடைக்காரரிடம், "அண்ணாத்த, ஏரோப்ளேன் ஓட்டறவங்க வந்துகீறாங்க, டீய நல்லா போடு," என்றார். கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "எந்த ஏர்லைன்சு சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் பஸ்ஸு ஓட்டறேன்பா," என்றார் என் கணவர். "ஏரோப்ளேன் இவங்க ஓட்டறது. கட்னதும் இவங்கதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த உப்பு மண்ணைப் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நான் போர்வையைப் பிரித்து, சிவப்பு இறக்கையை எடுத்துக் கடைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டு, என் டீயை வாங்கிக்கொண்டேன்.